கண்ணாடி அறையில் ஓரகத்திகள்

"சித்தி பேசினா எல்லாரும் சிரிக்கிறாங்க. நீ பேசினா மட்டும் ஏம்மா எல்லாரும் எழுதிக்கிறாங்க?"

ஒன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மகன் சென்ற வருடம் கேட்ட கேள்வி இது. வீட்டு ஆட்களும் வந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்த ஒரு நாளில் அவன் அம்மா வேலை பார்க்கும் மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். தலையைவிடப் பெரிய ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அம்மாவும் சித்தியும் மாறி மாறி மொழிபெயர்ப்பதைக் கேட்டான். வீடு திரும்பும்போது பேருந்தில் இப்படிக் கேட்டுவைத்தான். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சித்திதான் அவனை மடியில் இழுத்துப்போட்டு, "உங்கம்மா சொல்றது பரீட்சைக்கு வரும்டா கண்ணா, நான் சொல்றது வராது" என்றாள். முன் இருக்கையில் இருந்த அப்பாவும் அவர் தம்பியும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பும் அம்மாவுக்குச் சுட்டது.

அண்ணனைக் கட்டிய அவள் மூத்தவள். தம்பியைக் கட்டியவள் சின்னவள். மேல்மாடியில் ஒரு குடும்பம், கீழ்மாடியில் ஒரு குடும்பம். ஓரகத்திகள் இப்படி இருப்பது ஊர் உலகத்தில் நடப்பதுதான். இவர்களுக்கு வேலையும் ஒரே அறையில் அமைந்துவிட்டது. மண்டபத்தின் பின்சுவரில் பொருத்திய சின்னக் கண்ணாடி அறை அது. இரண்டு நாற்காலி, இரண்டு மைக், ஒரு மேசை விளக்கு. கதவைச் சாத்தினால் ஒருத்தி எச்சில் விழுங்குவது மற்றவளுக்குக் கேட்கும். "ஓரகத்திங்களைப் பிடிச்சுப் பூட்டி வைக்கணும்னு யாரோ வேண்டிக்கிட்டுக் கட்டின ரூமுக்கா இது" என்று சின்னவள் சொல்லிச் சிரிப்பாள். மூத்தவள் சிரிக்க மாட்டாள்.

ஐந்து நாடுகள் கைகோத்து நடத்திய கூடம் அது. வாயைத் திறந்ததற்காக வேலை இழந்தவர்கள், ஊரை இழந்தவர்கள், எந்தச் சபையிலும் யாரும் பேசச் சொல்லாதவர்கள் வருடத்துக்கு ஒரு முறை அங்கே வந்து தங்கள் தங்கள் மொழியிலேயே பேசுவார்கள். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். அதற்காகத்தான் சுற்றிலும் கண்ணாடி அறைகள், ஒவ்வொரு மொழிக்கும் ஒன்று. தமிழ் அறையில் இருப்பவர்கள் தமிழ்ப் பேச்சைக் கூடத்தின் பொதுமொழிக்கும், மற்றவர்கள் பேச்சைப் பொதுமொழி வழியாகத் தமிழுக்கும் மாற்றுவார்கள். மேடையில் இருப்பவர் "நான்" என்றால் மொழிபெயர்ப்பவரும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார்" என்று விலகி நிற்கக் கூடாது. கேட்பவர் காதில் அந்தக் குரல்தான் பேச்சாளர். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறும். பேசாமல் இருப்பவள் ஊர்ப்பெயர்களையும் எண்களையும் தாளில் எழுதிப் பேசுபவளின் கண்ணுக்கு நேரே நகர்த்துவாள்.

சின்னவளை இந்த வேலைக்குக் கொண்டுவந்ததே மூத்தவள்தான். கூட இருந்தவர் ஓய்வு பெற்றபோது, "வெளியாளை ஏன் தேடறே? நம்ம வீட்டுப் பொண்ணுக்கும் அந்தப் பொதுமொழி தெரியுமே" என்றார் கணவர். நல்ல மனத்தோடுதான் சிபாரிசு செய்தாள். பொறாமை கதவைத் தட்டிக்கொண்டு வருவதில்லை. வீட்டு ஆள் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. எப்போது வந்தது என்று பிறகு யோசித்தால் தெரிவதில்லை.

மூத்தவள் மொழிபெயர்த்தால் ஒரு சொல் விடுபடாது. வாக்கியம் கோடு போட்டது போல வரும். சின்னவள் சில சமயம் தடுமாறுவாள், ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைப்பாள். ஆனால் பேச்சாளர் சிரித்தால் அவள் குரலில் சிரிப்பு இருக்கும். அவர் கோபப்பட்டால் இவள் கழுத்து நரம்பு புடைக்கும். இடைவேளையில் தமிழ் வரிசையில் இருப்பவர்கள் கண்ணாடி அறையைப் பார்த்துக் கை ஆட்டுவார்கள். யாருக்கு ஆட்டுகிறார்கள் என்று மூத்தவள் முதல் வருடம் யோசித்தாள். இப்போது யோசிப்பதில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் அவளிடம் மிஞ்சியிருந்தது. கடைசி நாள் அமர்வு. அதற்கு முன் தனித்தனியாகப் பேசிய இரண்டு பேர், வேறு வேறு நாட்டுக்காரர்கள், மேடையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பார்கள். அந்த அமர்வில் ஆள் மாறக் கூடாது, தமிழ்ப் பக்கத்துக்கு ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே குரல்தான். கூடம் தொடங்கியதிலிருந்து அந்தக் குரல் மூத்தவளுடையது.

இந்த வருடம் அமைப்பாளர் வந்து கண்ணாடிக் கதவைத் திறந்து, "கடைசி அமர்வை இந்த முறை இவர் செய்யட்டும்" என்று சின்னவளைக் காட்டினார். மூத்தவளைப் பார்த்து, "உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு" என்று அன்பாகவே சொன்னார்.

சின்னவள் முகம் வெளுத்தது. "அக்கா, எனக்குப் பயமா இருக்கு. நீங்களே பண்ணுங்களேன்."

"ஏன்? கொடுத்ததை வாங்கிக்கத் தெரியாதா? நல்லா பண்ணுவே, பண்ணு" என்றாள் மூத்தவள். சொல்லில் குறையில்லை. குரல்தான் விறைத்திருந்தது.

எதிரெதிரே உட்காரப்போகிறவர்களில் ஒருத்தி சலவை அக்கா. ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். வேலை நேரத்தில் சொந்த மொழியில் பேசக் கூடாது என்று அங்கே ஒரு சட்டம். பக்கத்தில் நின்று துணி மடித்தவளின் அம்மா ஊரில் இறந்துபோன செய்தி வந்தபோது, அவளைக் கட்டிக்கொண்டு தமிழில் ஆறுதல் சொன்னாள் சலவை அக்கா. சூப்பர்வைசர் வந்து நிறுத்தச் சொன்னபோதும் நிறுத்தவில்லை. இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. மேடையில் இதைச் சொல்லும்போது அவள் அழுதுவிட்டாள். அவள் பேச்சைப் பொதுமொழியில் சொன்னது சின்னவள். அவள் குரலும் உடைந்தது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. எந்த எந்த நாட்டுக்காரர்களோ கண்ணாடி அறைக்கே வந்து சின்னவளின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வாசல் சின்னது. மூத்தவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி, வந்தவர்களுக்கு வழிவிட்டு, சுவரோடு சுவராக நின்றாள்.

மற்றொருத்தி படக்காரி. இன்னொரு நாட்டில் ஒரு பத்திரிகைக்குக் கேலிப்படம் வரைந்தவள். அன்று மாலையே அவள் சலவை அக்காவைத் தேடி வந்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. படக்காரி பென்சிலை எடுத்துச் சலவை அக்காவின் இரண்டு கைகளையும், அவை மடித்துக்கொண்டிருக்கும் விரிப்பையும் ஒரு தாளில் வரைந்து கொடுத்தாள். சலவை அக்கா அதைக் கசங்காமல் பிடித்துக்கொண்டே அலைந்தாள். யாரைப் பார்த்தாலும், "பாரேன், நரம்புகூட வந்திருக்கு" என்றாள்.

மறுநாள் படக்காரியின் முறை. தமிழில் மொழிபெயர்ப்பது மூத்தவளின் அரை மணி.

படக்காரி தட்டையான குரலில் பேசினாள். மூத்தவளின் குரலுக்கு அது பொருந்தியது. "நான் வரைந்தது ஒரு வரிசை. பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கும் மனிதர்கள். அவ்வளவுதான். பத்திரிகையைப் பூட்டினார்கள். என்னையும் பூட்டினார்கள். வெளியே விட்டதும் வீட்டுக்குப் போனேன். அப்பா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பூட்டிக்கொண்டார்."

அதோடு படக்காரி நின்றுவிட்டாள். தண்ணீர் குடிக்கவில்லை, அழவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபம் காத்திருந்தது.

மைக்குக்குப் பக்கத்தில் இருமல் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரை குரல் வெளியே போகாது. மூத்தவள் விரலை வைத்து அழுத்தினாள். திரும்பிப் பார்த்தாள். சின்னவள் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் மூத்தவளால் அடக்க முடியவில்லை.

"இதையே நீ பேசியிருந்தா நாலு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பே. கைதட்டலையும் வாங்கிக்கிட்டு இறங்கியிருப்பே. அழத் தெரிஞ்சவங்களுக்கு என்ன, எங்க போனாலும் பிழைச்சுக்குவாங்க."

சின்னவளின் கண்கள் அவள் முகத்தில் இல்லை, மைக்கில் இருந்தன. குரல் வெளியே போகிறது என்று காட்டும் சிவப்பு வளையம் மைக்கைச் சுற்றி எரிந்துகொண்டிருந்தது. மூத்தவளின் பார்வை ஓரகத்தி மேல் இருந்த அந்த நேரத்தில், விரல் பக்கத்துப் பொத்தானில் இருந்தது.

கண்ணாடிக்கு அப்பால் தமிழ் வரிசையில் ஹெட்போன் மாட்டிய தலைகள் ஒவ்வொன்றாகச் சலவை அக்காவின் பக்கம் திரும்பின. நேற்று இதே மேடையில் அழுதவள் அவள், கைதட்டு வாங்கியவளும் அவள்தான். கேலி செய்தவள் படக்காரி என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். காதில் "நான்" என்று இத்தனை நேரம் பேசிய அதே குரல்தானே இதையும் சொன்னது!

சலவை அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். ஒயரை ஒழுங்காகச் சுற்றினாள். அந்தப் படத்தை எடுத்து நாற்காலியில் கவிழ்த்து வைத்தாள். எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

மூத்தவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். சின்னவள் தன் மைக்கைப் போட்டாள். "மன்னிக்கணும். இப்ப நீங்க கேட்டது மேடையில பேசினவங்க சொன்னது இல்ல. மொழிபெயர்க்கிற ரூமுக்குள்ள நாங்க பேசினது. தப்பு எங்களோடது." படக்காரி மறுபடி பேச ஆரம்பித்தாள். மீதி முழுவதையும் சின்னவளே சொன்னாள். ஆனால் கேட்க வேண்டியவள் மண்டபத்தில் இல்லை.

அமர்வு முடிந்ததும் அமைப்பாளர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் வரிசையில் யாரோ விவரம் சொல்லியிருந்தார்கள்.

"யார் சொன்னது?"

மூத்தவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"நான்தான்" என்றாள் சின்னவள். "அக்காவோட மைக் பக்கம் குனிஞ்சு விளையாட்டா ஒண்ணு சொன்னேன். அது திறந்திருந்ததைக் கவனிக்கல."

அமைப்பாளர் சின்னவளிடம் திரும்பினார். "அந்த அம்மா யார் சொல்றதையும் காதில வாங்காம, ஊருக்குத் திரும்பிப் போகப்போறேன்னு சொல்றாங்க. நாளைக்கு எதிரே உட்கார ஆளே இருக்காது போலிருக்கு. இருந்தாலும் அந்த அமர்வு உங்களுக்கு வேண்டாம்" என்றார். பிறகு மூத்தவளிடம், "நீங்களே பார்த்துக்குங்க" என்றார்.

வேண்டியது கிடைத்துவிட்டது.

பேருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். பாதி வழியில் மூத்தவள் கேட்டாள். "எதுக்குடி அப்படிச் சொன்னே?"

"பின்னே? நீங்க திட்டினது என்னை. அப்ப அது என் சொத்துதானேக்கா?"

"விளையாடாதே."

சின்னவள் கைப்பையின் வாரைத் திருகினாள். "இத்தனை வருஷமா உங்க வாயில ஒரு வார்த்தை தப்பா வந்ததில்லன்னு எல்லாரும் சொல்றாங்க. உங்க பேரு போனா திரும்ப வராதுக்கா. என் பேரு இன்னும் வரவே இல்ல. போனா என்ன?" பிறகு, மெதுவாக, "நான் வேணும்னு அழறதில்லக்கா. வந்துடுது" என்றாள்.

உண்மையைச் சொன்னால், அப்போதும் மூத்தவள் மனத்தில் முதலில் வந்தது நன்றியல்ல. நல்லவளாக இருப்பதிலும் இவள் என்னை முந்திவிட்டாளே என்ற எரிச்சல்தான் வந்தது. அது வந்ததை அவளே பார்த்தாள். பார்த்தபோது, தன் வீட்டுக்குள் இத்தனை நாள் இருந்த ஒரு நாற்றம் தன் மூக்குக்கே எட்டியது போல இருந்தது.

"நான் மருந்துக்கடைக்குப் போயிட்டு வரேன். நீ போ" என்று அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். எதிர்ப்பக்கம் போகும் பேருந்தில் ஏறினாள். கடவுளே, நான் மனசு மாறுறதுக்குள்ள கொண்டுபோய்ச் சேர்த்துடு என்று மட்டும் வேண்டிக்கொண்டாள். அதற்குமேல் பெரிதாக எதையும் கேட்க அவளுக்குத் தைரியமில்லை.

பேச்சாளர்கள் தங்கியிருந்த விருந்தினர் விடுதியில் சலவை அக்கா பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். கட்டிலில் துணிகள் கடையில் அடுக்கியது போல மடித்துக் கிடந்தன.

"யாரும்மா நீ?"

"மண்டபத்துல தமிழ்ல பேசறவ. கண்ணாடி ரூம்ல இருக்கிறவ."

"ஓ. நேத்து என் பேச்சைப் பேசின பொண்ணா?"

"இல்ல. இன்னொருத்தி." அதைச் சொல்லும்போதுகூட மனம் ஒருமுறை சுணங்கியது. "இன்னைக்கு உங்க காதுல விழுந்தது அந்தப் படக்காரம்மா சொன்னது இல்லக்கா. அவங்க அப்ப வாயே திறக்கல. சொன்னது நான். உங்களையும் சொல்லல."

"பின்ன யாரைச் சொன்னே?"

"என் ஓரகத்தியை. பக்கத்துல உக்காந்திருந்தாளே, அவளை."

சலவை அக்கா இடுப்பில் கை வைத்தாள். "ஓரகத்தியையா? அந்தப் பொட்டி ரூம்ல ரெண்டு ஓரகத்தியா உக்காந்திருக்கீங்க?" தன்னை மறந்து சிரித்துவிட்டாள். "யாருடா அது, நெருப்பையும் பஞ்சையும் ஒண்ணா வச்சது? எனக்கும் ஒருத்தி இருக்கா. நல்லவேளை, கடல் தாண்டி இருக்கா." சட்டென்று சிரிப்பு நின்றது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அப்ப அந்தப் புள்ள என்னைச் சொல்லவே இல்லையா?"

"அவங்க அப்பா கதவைச் சாத்தினதைச் சொல்லிட்டு, மேல பேச முடியாம நின்னாங்க. அவ்வளவுதான்."

"ஐயோ. அவ வரைஞ்சு கொடுத்ததைக் கவுத்துப் போட்டுட்டு வந்தேனே. அவளும் பாத்திருப்பாளே." வேலை செய்து தடித்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, உனக்கு ஏன் உன் ஓரகத்தி மேல அவ்வளவு காய்ச்சல்?"

மூத்தவள் யோசித்தாள். அமர்வு, கைதட்டல், மகன் கேட்ட கேள்வி, எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. எதையும் சொல்லத் தோன்றவில்லை. "அவளுக்கு வர்றது எனக்கு வரல" என்றாள்.

சலவை அக்கா தலையை ஆட்டினாள். பெட்டியைத் திறந்து, மறுநாளுக்கு உடுத்த ஒரு சேலையை வெளியே எடுத்து வைத்தாள். "நாளைக்கு யாரும்மா பேசப்போறீங்க? நீயா, அவளா?"

"அவ." சொன்ன பிறகுதான், தான் அப்படிச் சொல்லிவிட்டது மூத்தவளுக்கே தெரிந்தது.

"அதுவும் நல்லதுக்குத்தான். நேத்து அவ சொன்னது எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா எதிர்ல இருந்தவங்க மூஞ்சியில நான் சொன்னது அப்படியே தெரிஞ்சுது. உன்கிட்ட சொல்றேனேன்னு கோவிச்சுக்காதே."

"கோவம் இல்லக்கா" என்றாள் மூத்தவள். கொஞ்சம் இருந்தது.

அவள் மண்டபத்துக்கு வந்தபோது விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். அமைப்பாளர் பையைத் தோளில் மாட்டி லிஃப்டுக்குக் காத்திருந்தார். மூத்தவள் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். பொதுமொழியில் சொன்னாள். இத்தனை வருடத்தில் அந்த மொழியில் தனக்காக அவள் "நான்" என்று சொன்னது குறைவு. வாக்கியங்கள் கோடு போட்டது போல வரவில்லை.

லிஃப்ட் வந்து, திறந்து, மூடிப் போயிற்று.

"அப்படியானால் அவர் ஏன் தான்தான் என்று சொன்னார்?"

"அவ அப்படித்தான்."

"நாளைக்கு அவரே செய்யட்டும். ஆனால் இதை நான் மறந்துவிட முடியாது, தெரியுமில்லையா?"

"தெரியும். ஒண்ணே ஒண்ணு கேட்கணும். நான் வந்து சொன்னேன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். நீங்களா யோசிச்சு மாத்தினதா இருக்கட்டும்."

"ஏன்?"

"தெரிஞ்சா ஓடி வந்து எனக்கு நன்றி சொல்லுவா. அவ எனக்குச் செஞ்சதை நான் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தேன். அதுக்கும் பேரு வாங்கிட்டா, கொடுத்ததா ஆகாது."

அமைப்பாளர் லிஃப்டுக்கான பொத்தானை மறுபடி அழுத்தினார்.

மறுநாள் காலை மூத்தவள் முதல் பேருந்தைப் பிடித்தாள். மண்டபத்தில் யாருமில்லை. மேடையில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, நடுவே ஒரு சின்ன மேசை வைத்திருந்தார்கள். கண்ணாடி அறைக்குள் நுழைந்து விளக்கைப் போட்டாள்.

அறையின் வலப்பக்க நாற்காலியிலிருந்து பார்த்தால் மேடை முழுவதும் தெரியும், பேசுபவரின் உதடு அசைவதுகூடத் தெரியும். இடப்பக்க நாற்காலிக்கு முன்னால் மண்டபத்துத் தூண் நின்றது. அங்கிருந்து மேடையில் பாதிதான் தெரியும், எட்டிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம். வந்த நாளிலிருந்து வலப்பக்கம் மூத்தவளுடையது. யாரும் கொடுத்ததல்ல, முதலில் வந்தவள் எடுத்துக்கொண்டது. சின்னவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கழுத்தை ஒடித்து ஒடித்துத் தூணைத் தாண்டிப் பார்த்தேதான் அத்தனை பேரையும் சிரிக்க வைத்திருந்தாள்.

மூத்தவள் நாற்காலியில் போட்டு உட்காரும் தன் சின்ன மெத்தையையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்து இடப்பக்கம் வைத்தாள். மெத்தையை ஒரு கணம் பார்த்தாள். அதைத் திரும்ப எடுத்து வலப்பக்க நாற்காலியிலேயே போட்டாள். சின்னவளின் ஹெட்போனை அந்தப் பக்கம் மாட்டி, ஒலியை அவள் காதுக்குத் தக்கபடி குறைத்தாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கை பட்டுக் கவிழாத இடமாகப் பார்த்து வைத்தாள். வெள்ளைத் தாளில் இரண்டு பேச்சாளர்களின் ஊர்ப்பெயர்களையும் பெரிய எழுத்தில் எழுதி, வலப்பக்க நாற்காலிக்கு நேரே நகர்த்தினாள்.

பிறகு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். மனம் இன்னும் கொஞ்சம் வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டு, பென்சிலைச் சீவத் தொடங்கினாள்.